துண்டு இலக்கம் ஒன்றுக்குப் போன இரண்டு மாதம்

பக்கத்துப் பிரதேச சபையும் எங்கள் சபையும் ஒரே பசளை முற்றத்தில் குப்பை கையாள்வதென்று முடிவானபோது, மூன்று மாதத்தில் தொடங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் எடுத்தது.

ஏன் சேர்ந்தோம் என்று வன்னியில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊர்கள் தள்ளித் தள்ளி, வாகனம் ஒன்றோ இரண்டோ. பற்றைக்காணி சும்மா கிடக்கிறது என்று போய்ப் பார்த்தால் வன எல்லைக்கல் நிற்கும். எங்களிடம் காணியும் கொட்டகையும் இருந்தன, அவர்களிடம் ஆட்களும் நல்ல உழவு இயந்திரமும். பேச்சு ஒரே நாளில் முடிந்தது.

சிக்கல் தீர்மானத்தில் வந்தது. இரண்டு சபையும் மாதாந்தக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, கூட்ட அறிக்கையின் பிரதியைச் சபைகளுக்கு மேலுள்ள கந்தோரில் கொடுக்க வேண்டும். அவர்களுடைய தீர்மானத்தில் காணியின் பெயர் இருந்தது, நில அளவைப் படத்திலுள்ள துண்டு இலக்கம் இல்லை. மேல் கந்தோரில் உத்தியோகத்தர் கோவையைப் பிரித்து, "இது எந்தக் காணி?" என்று கேட்டுவிட்டு மூடி என் பக்கம் தள்ளினார். கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தக் கோவை அவர் மேசையில் மூன்று கிழமை கிடந்தது. ஒரு போன் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த மாதக் கூட்டத்தையே பிடித்திருக்கலாம். திருத்தத்துக்கு அடுத்த கூட்டம், அதன் அறிக்கையை உறுதிப்படுத்த அதற்கடுத்த கூட்டம். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருத்திய பிரதியோடு காலை ஆறரை பஸ்ஸில் போன நாளில் அவர் லீவு. "வாற கிழமை வாங்கோ" என்றார்கள். போன் எடுத்துக் கேட்காமல் புறப்படாதீர்கள். கோவையின் முழுப் பிரதி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். பிறகொரு நாள் நில அளவைப் படத்தைக் காணவில்லை என்றார்கள், அந்தப் பிரதிதான் காப்பாற்றியது.

உடன்படிக்கை எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சேர்த்த குப்பை சேர்த்த சபைக்கே சொந்தம். அடுத்த சபையின் முற்றத்தில் கொட்டியபின் பசளை விற்ற காசு யாருக்கு? தீப்பிடித்தால் யார் பொறுப்பு? எங்கள் முதல் வரைவில் இது இல்லவே இல்லை. படலையில் தராசில் நிறுத்து இறக்கிய நேரத்திலிருந்து குப்பை முற்றத்துச் சபைக்குச் சொந்தம் என்று ஒரு வரி சேர்த்தோம். டீசலையும் சாரதியின் மேலதிக நேரக் கொடுப்பனவையும் அதே தாளில் எழுதுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் முதல் மாதமே சண்டை.

சுற்றாடல் அனுமதி சுணங்கவில்லை. ஊர்ச் சம்மதத்துக்குத்தான் பயந்தேன். கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பி, 2017 சித்திரை வருடப்பிறப்பன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 32 பேர் செத்ததைச் சொன்னார். "எங்கட கிணத்துக்கு ஆர் தம்பி பொறுப்பு?" அங்கே எதையும் சொல்லிச் சமாளிக்காமல், மறுநாள் அவரையும் இன்னும் நாலு பேரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். உக்கிய பசளையை அள்ளி மணந்து பார்த்தார். தரம் பிரிக்காத குப்பையோடு உழவு இயந்திரப் பெட்டி உள்ளே வரக்கூடாது என்று உடன்படிக்கையில் எழுதச் சொன்னது அவர்தான். எழுதினோம்.

முதல் நாள் வந்த பெட்டியில் லஞ்ச் சீற்றும் சொப்பிங் பையும் மீன் செதிலும் ஒன்றாகக் கிடந்தன. படலையிலேயே திருப்பி அனுப்பினோம். சாரதிக்குச் சரியான கோபம். பின்னேரம் நாலு மணிக்கு அதே பெட்டி வந்தது, உக்குவது ஒரு பக்கம், உக்காதது தனிச் சாக்கில். தராசில் ஏற்றினோம்.