கிளிநொச்சி எங்கே இருக்கிறது, தம்பி?

இன்று மாலை கோத்தகிரியில் தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் நின்றிருந்தபோது, எங்கள் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருக்கும் அம்மா ஒருவர், "கிளிநொச்சி எங்க இருக்குன்னு போன்ல காட்டு தம்பி" என்றார்.

வரைபடத்தைத் திறந்து கொடுத்தேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறையேறிக் கறுத்த விரலால் ஊரைத் தொட்டார். படம் நழுவி இரணைமடுக் குளத்துக்குப் போய்விட்டது.

மறுபடி தொட்டார். மறுபடி நழுவியது.

இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவர் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இங்கே வந்தது. அங்கேயே தங்கிவிட்ட அண்ணன், 1977 கலவரத்துக்குப் பின், மலையகத் தமிழர் பலரைப் போலவே, பாதுகாப்பு என்று நம்பி வடக்கே வன்னிக்குப் போய், கிளிநொச்சிக்குக் கிழக்கே தருமபுரத்தில் குடியேறினார்.

கிளிநொச்சி என்ற அந்தச் சின்ன நகரம் 1996இல் இராணுவத்திடமும், 1998இல் புலிகளிடமும், 2009 ஜனவரி 2 அன்று மீண்டும் இராணுவத்திடமும் போனது. கடைசி முறை விழுந்தபோது அங்கே மக்களே இல்லை. கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்த சனம், மே மாதம் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் முட்டி நின்றது.

கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த நீர்த்தொட்டியை உலகமே படமெடுத்தது. ஊரை யார் பிடித்தார்கள் என்றுதான் நானும் அன்று செய்தி படித்தேன். அந்தத் தகரங்களை நினைக்கவில்லை.

அண்ணனின் கடைசிக் கடிதத்தில், நிலக்கடலை விதைத்திருப்பதாக எழுதியிருந்ததாம்.

"இங்கேருந்து எத்தனை மைல் இருக்கும்?"

நேர்கோட்டில் 300 மைல்கூட இல்லை என்றேன். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மூன்றாவது முறையாக, மெதுவாகத் தொட்டார்.