ஹட்சன் லைன் ரயிலில் ‘ஹார்லம் ரிவர் டிரைவ்’

நியூயார்க்கில் ஹார்லம் 125ஆம் தெரு நிலையத்தில் வடக்கே போகும் ஹட்சன் லைன் ரயிலில் ஏறினால், இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். ஆற்றைத் தாண்டி பிராங்ஸுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் ரயில் ஹார்லம் ஆற்றை ஒட்டிப் போக ஆரம்பிக்கும். எதிர்க்கரையில் மன்ஹாட்டன் சரிவுக்குக் கீழே கார்கள் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் சாலைதான் ஹார்லம் ரிவர் டிரைவ். அதே பெயரில் 1971இல் எடி பால்மியேரியின் இசைத்தட்டு ஒன்று வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்றுதான் அந்த ரயிலில் ஏறினேன்.

எடி பால்மியேரி 1936இல் ஸ்பானிஷ் ஹார்லமில் பிறந்தவர். வளர்ந்தது தெற்கு பிராங்ஸில், பெற்றோர் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள். 1961இல் ‘லா பெர்ஃபெக்தா’ குழுவைத் தொடங்கி, டிரம்பெட்டுகளுக்குப் பதில் டிராம்போன்களை முன்னால் நிறுத்தி நடன அரங்குகளை அதிரவைத்த பியானோக்காரர். 2025 ஆகஸ்டில் அவர் காலமான பிறகு பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தபோதுதான் இது மறுபடி கையில் சிக்கியது. முன்பு கேட்டதுதான். இந்த முறை விட மனம் வரவில்லை.

புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள், கறுப்பின அமெரிக்கர்கள் என்று ஒரே தெருவில் குடியிருந்த இரண்டு சமூகங்களின் இசை இதில் ஒரே அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் சார்லி பால்மியேரி ஆர்கன் வாசிக்கிறார். பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு வாசித்த பெர்னார்ட் பர்டி டிரம்ஸில், கார்னெல் டுப்ரீ கிட்டாரில். ஜிம்மி நார்மன் ஆங்கிலத்தில் பாடுகிறார். லத்தீன் தாளமும் கறுப்பின அமெரிக்கர்களின் ‘சோல்’ இசையும் மாறி மாறி வரும் ஆல்பங்கள் நிறைய உண்டு. இதில் எது எங்கே முடிகிறது என்று பிரிக்கவே முடியாது.

ஹை பிரிட்ஜுக்கு அடியில் ரயில் போகும்போது தலைப்புப் பாடலை மறுபடி ஓடவிட்டேன். 1848இல் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய பாலம் அது. மன்ஹாட்டன் கரையில் இன்றைய சாலைக்கு முன்பு, 1898இல் திறந்த ஒரு பாதை இருந்தது. பணக்காரர்கள் குதிரை வண்டிகளைப் பூட்டிப் பந்தயம் விட்ட பாதை. இப்போது கார்கள் ஹார்லத்துக்குள் நுழையாமலே அதைக் கடந்து போய்விடுகின்றன. பால்மியேரி இந்தப் பெயரை ஏன் வைத்தார் என்பது எதிர்க்கரையிலிருந்து பார்க்கும்போது உறைத்தது.

என்னைக் கட்டிப்போட்ட பாடல் ‘ஐடில் ஹேண்ட்ஸ்’. எட்டு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. பேஸ் ஒரே வரியைப் பிடிவாதமாகச் சுற்றிச் சுற்றி வாசிக்க, மேலே ஊதுகருவிகள் கூட்டமாக வந்து மோதுகின்றன. வேலையில்லாமல் சும்மா கிடக்கும் கைகளைப் பற்றிய பாட்டில் எல்லாக் கைகளும் இப்படி உழைக்கின்றன! நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ‘புரோக்கன் ஹோம்’ இன்னும் நீளம், இன்னும் கனம். ரயிலில் கேட்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.

இவ்வளவும் இருந்தும் இந்த ஆல்பம் ஏன் ஒதுங்கிப்போனது? அதே 1971 ஆகஸ்டில் நியூயார்க்கின் ‘சீட்டா’ கிளப்பில், ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தின் நட்சத்திரக் குழுவான ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் கச்சேரி நடந்தது. ஸ்பானிய மொழியில் பாடும் சல்சா நடன இசையின் அலை அடிக்க ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் வறுமையைப் பாடும் ஒரு லத்தீன் தட்டை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்கே குழப்பம் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம் ரயில் ஹட்சன் நதிக்கரைக்கு வந்துவிடும். ஆசினிங் நிலையத்துக்குச் சற்று முன்னால் தண்டவாளம் சிங் சிங் சிறை வளாகத்தின் நடுவிலேயே போகிறது, அதனால்தான் அங்கே வரை டிக்கெட் எடுத்தேன். பால்மியேரி இந்தக் குழுவை அழைத்துக்கொண்டு போய் அதே சிறைக்குள் வாசித்தார். அந்தப் பதிவின் முதல் பாகம் 1972இல் வெளியானது. புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களின் உரிமைக்காகப் போராடிய யங் லார்ட்ஸ் இயக்கத்தின் ஃபெலிப்பே லூசியானோ அதில் கவிதை சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் கைதிகளின் ஆரவாரமும் தட்டிலேயே பதிந்திருக்கிறது. ஸ்டூடியோ ஆல்பத்தை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். திரும்பும்போது வலப்பக்க ஜன்னல்.