யார் சொன்னால் கேமராவை இறக்க வேண்டும்?

"அண்ணாச்சி, இதுக்கு மேல வேண்டாம். அம்மாவ எடுக்காதீங்க" என்று அந்த வீட்டு மகள் சொன்னதும் நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன். இறக்கியது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியென்று தெரிந்த ஒரு காரியத்தை ஒருவன் தனக்குத்தானே இத்தனை முறை எடுத்துச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் அதில் இன்னும் தீராத ஏதோ ஒன்று இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்குத் துட்டி வீடு, அதாவது சாவு வீடு, புதிதல்ல. நீர்மாலை, கோடி, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி என்று எந்தச் சடங்கு எப்போது நடக்கும், அந்த நேரத்தில் எங்கே நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்பது எங்களுக்குப் பழகிய விஷயம். 2020-இல் கொரோனாவுக்காக இறுதிச் சடங்குகளில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது லைவ் போடும் வழக்கம் வேகமாகப் பரவியது. கட்டுப்பாடு போய்விட்டது, லைவ் போகவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் ஊர்களில் அது போகவும் போகாது.

இந்த வீட்டு மகனும் அங்கேதான் இருந்தார். அப்பா இறந்த செய்தி கிடைத்தும் அவரால் உடனே கிளம்பி வர முடியவில்லை. தொலைபேசியில் என்னைப் பிடித்து, முன்பணத்தையும் அப்போதே அனுப்பிவிட்டு, "ஒண்ணு விடாம எடுத்துருங்க அண்ணாச்சி. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். அதுக்குத்தான் கொடுத்து வைக்கல, கண்ணாலயாவது பாத்துக்கிடுதேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்ட எவரும் "சரி தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் சொன்னேன். 'ஒன்று விடாமல்' என்பதற்குள் அவருடைய அம்மாவின் தாலியை இறக்கும் சடங்கும் அடங்குமா என்று அவரும் யோசித்திருக்க மாட்டார், நானும் கேட்கவில்லை. கேட்கிற நேரமும் அது இல்லை.

சில வீடுகளில் அந்தச் சடங்கைப் பதினாறாம் நாள் வைத்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் உடலை எடுப்பதற்கு முன்பே செய்தார்கள். அந்த அம்மாவைக் குளிக்கவைத்து, பட்டுச் சேலை உடுத்தி, தலை கொள்ளாத அளவுக்குப் பிச்சிப்பூ வைத்து, இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கி, நெற்றியில் அகலமாகக் குங்குமம் இட்டு, ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அதுவரை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வயதான பெண்கள் வட்டமாக நெருங்கி உட்காரத் தொடங்கியபோதுதான் மகள் எழுந்து வந்து என்னிடம் அந்தச் சொற்களைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கண்ணையும் துடைத்துக்கொள்ளவில்லை.

நான் லைவ் கேமராவைத் தெருப் பக்கம் திருப்பச் சொல்லி உதவியாளனுக்குச் சைகை காட்டினேன். பந்தலும் காலி நாற்காலிகளும் மட்டும் திரையில் தெரிந்தன. சற்று நேரத்தில் மகன் கூப்பிட்டார். "ஏன் அண்ணாச்சி தெருவு தெரியுது?" என்றார். தங்கச்சி வேண்டாம் என்கிறது என்றேன். "கூப்பிட்டது நான்தான? அவளுக்கு மட்டுமா அம்மா, எனக்கும் அம்மாதான?" என்றார். அதற்கு நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவரும் பேசவில்லை. பிறகு அவரே தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். படத்தை மறைத்தேனே தவிர ஒலியை நிறுத்தவில்லை. கூடத்தில் வைத்திருந்த மைக், உள்ளே எழுந்த அழுகையை அப்படியே லைவில் அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி, தன் அம்மாவின் வளையல்கள் உடைவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் 'எடுக்காதீங்க' என்று சொன்னது கண்ணுக்கு மட்டும்தானா, காதுக்கும் சேர்த்தா? அந்த நேரத்தில் எனக்கு அது கண்ணைப் பற்றியதாகவே பட்டது. மகனுக்கு ஏதாவது ஒன்று போய்ச் சேரட்டும் என்றும் உள்ளுக்குள் இருந்திருக்கலாம். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, பார்ப்பதைவிடப் பெரிய தண்டனையாக இருந்ததா என்று அவரிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவரே முதல் உரிமையாளர். அந்தக் கணக்கில் படங்கள் மகனுடையவை. ஆனால் எடுத்த படம் யாருக்குச் சொந்தம் என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. எடுக்கலாமா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. வீட்டுக்குள் எடுப்பதற்கு வீட்டிலிருப்பவர்களின் சம்மதம் வேண்டும். போகச் சொன்ன பிறகும் நின்றால் அது அத்துமீறல். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் குறிப்பை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், தன் அந்தரங்கத்தையும் தன் குடும்பத்தின் அந்தரங்கத்தையும் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தது. இறந்தவரோடு அவருடைய அந்தரங்க உரிமையும் முடிந்துவிடுகிறது என்று ஜெயலலிதாவின் வாழ்க்கைக் கதை தொடர்பான வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஐஸ் பெட்டிக்குள் இருந்தவரைப் பற்றி அது போதும். பெட்டிக்குப் பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்தவரைப் பற்றி யார் சொல்வது?

பத்திரிகைக்காரர்களுக்காவது ஒரு வரையறை இருக்கிறது. தனிப்பட்ட துயரத்தின் நேரங்களில் கேமராவோடு நுழைவதைத் தவிர்க்க வேண்டும் என்றும், விபத்திலும் இயற்கைப் பேரிடரிலும் பாதிக்கப்பட்டவர்களைப் படமெடுப்பதில் பொதுநலன் இருக்கலாம் என்றும் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. நாங்கள் நுழைபவர்கள் இல்லை, அழைக்கப்படுபவர்கள். அழைத்தவர் ஒருவர், வீட்டிலிருப்பவர் ஒருவர், படத்தில் விழும் முகம் இன்னொருவருடையது என்று மூன்றாகப் பிரியும்போது யார் சொல்வதைக் கேட்பது என்பதற்கு எந்த நெறிமுறையும் எனக்குக் கிடைக்கவில்லை.

எடுத்திருக்க முடியாதா என்றால், முடிந்திருக்கும். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் ஷட்டர் ஒலியே இல்லாமல் எடுக்கலாம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 லென்ஸைப் போட்டுக்கொண்டு எதிர்த் திண்ணையில் நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரியாது; மகனுக்கும் கொடுத்த வாக்கு நின்றிருக்கும். சத்தமில்லாத ஷட்டர் வந்த பிறகு எங்கள் தொழிலில் மரியாதை குறைந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முன்பு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எதிரில் இருப்பவருக்கு நாம் கொடுக்கும் ஓர் அறிவிப்பு. வேண்டாம் என்று கையை நீட்டித் தடுக்க அவருக்கு ஒரு வாய்ப்பு. இப்போது அந்த வாய்ப்பை நாமாக மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, குடும்பத்தையே சுற்றி நிற்கவைத்து எடுத்தவர். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அப்படிப்பட்ட படங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு சுருளுக்கு 36 படம் என்ற காலத்தில் துட்டி வீட்டுக்கு ஒன்றிரண்டு படங்கள்தான் எடுப்பார்கள். அந்த ஒன்றிரண்டில் பல நேரம் மனைவியும் பூவும் பொட்டுமாக நேரே பார்த்து உட்கார்ந்திருப்பார். தாலி இறக்குவதை அவர் எடுத்ததில்லை. அது அவருடைய நாகரிகமா, ஃபிலிமின் விலையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை; இரண்டும் இருந்திருக்கும்.

மகளைப் பற்றியும் நான் பிறகு வேறு விதமாக யோசித்தேன். அவர் உண்மையில் தடுக்க நினைத்தது அந்தச் சடங்கைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவின் நெற்றிப் பொட்டை இன்னொருவர் அழிக்கக் கூடாது என்று அவர் முதல் நாள் இரவே சண்டை போட்டதாகவும், பெரியவர்கள் கேட்கவில்லை என்றும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கூடியிருந்த சொந்தக்காரர்களில் ஒருவரையும் அவரால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். அப்படிப் பார்த்தால் நான் கேமராவை இறக்கியது அவருக்குச் செய்த உதவியா? மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமசபை, தாலி அறுப்பதையும் வளையல் உடைப்பதையும் கைவிட வேண்டும் என்று 2022-இல் தீர்மானம் போட்டது. இங்கேயும் அப்படி ஒரு பேச்சு எழ வேண்டுமானால், மூடிய வட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்களும் பார்க்க வேண்டாமா என்றும் ஒரு பக்கம் மனம் கேட்கிறது. ஆனால் அதற்கு ஒரு குறிப்பிட்ட அம்மாவின் முகத்தை நான் எடுத்துக் கொடுக்க முடியாது. இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இத்தனை யோசித்தும் அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது அவரே ஸ்டுடியோவுக்கு வந்தபோதுதான். கணவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்க வந்திருந்தார். வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், "தம்பி, அன்னைக்குப் பூ வச்சு உக்கார வச்சாங்கள்லா, அது எடுத்தியா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லித் திரையில் காட்டினேன். நெருங்கிப் பார்த்தார். "கல்யாணத்துல எங்கள யாரும் படம் எடுக்கல. ரெண்டு பேரும் சேந்து உக்காந்தது இது ஒண்ணுதான் இருக்கும்" என்றார். சின்னதாக ஒரு பிரதி போட்டுத் தரச் சொன்னார். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றார். போட்டுக் கொடுத்தேன், பணம் வாங்கவில்லை.

அதன் பிறகு என் நியாயங்கள் எல்லாம் கொஞ்சம் ஆடிப்போயின. மகள் சற்று முன்னதாக எழுந்து வந்திருந்தால் அந்தப் படமே இருந்திருக்காது. அம்மாவுக்கு வேண்டியது பூ வைத்த படம்தானே, பூ எடுத்த படமா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்கிறேன். ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் வாயால் கேட்காமல் நாங்கள் மூன்று பேரும் தீர்மானித்துக்கொண்டிருந்தோம் என்பதும் உண்மைதான். இப்போதெல்லாம் துட்டி வீட்டு வேலை வந்தால், அழைப்பவரிடம் பேசிய பிறகு, வீட்டில் மூத்த பெண் ஒருவரைத் தனியாகப் பார்த்து, "அக்கா, எதுவரைக்கும் எடுக்கட்டும்?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் நேரடியான பதில் வருவதில்லை. "ஒங்களுக்குத் தெரியாததா" என்பார்கள். எனக்குத் தெரியாததனால்தான் கேட்கிறேன் என்று அந்த இடத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடிவதில்லை.

முதலாண்டு நினைவு நாளுக்கு மகன் ஊருக்கு வருகிறார். எடுத்ததை எல்லாம், எடிட் செய்யாததையும் சேர்த்து, ஒலிப்பதிவோடு தரச் சொல்லியிருக்கிறார். அம்மா இருக்கும் படங்களை அழித்துவிட்டீர்களா என்று மகள் ஒரு முறை கேட்டார். எதையும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். அம்மா கேட்டு வருவதற்கு முன்பு சொன்னது அது. மூன்று பேரும் கேட்பது ஒரே ஃபோல்டரைப் பற்றி. சட்டப்படி மகனுக்கு மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் போய்க் கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கும்.