கூரை மேல் ஏறுகிறவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?

போன மாதம் எங்கள் தெருவில் ஆலங்கட்டி மழை. பத்து நிமிடம்தான். பின்பக்கப் புல்லில் பொறுக்கிய கல் ஒன்று எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. பையன் அதை ஃப்ரீசரில் பத்திரமாக வைத்திருக்கிறான். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் கூரை மாற்றித் தருகிறோம் என்று மூன்று பேர் வந்து பெல் அடித்துவிட்டார்கள். டாலஸுக்கு வடக்கே வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். வசந்தம் வந்தால் கல்மழை வரும், அதன் பின்னாலேயே ஏணி கட்டிய பிக்கப் வண்டிகளும் வரும்.

வந்தவர்களில் ஒருவர் மிக நன்றாகப் பேசினார். ஏணி போட்டு ஏறி, கூரையில் பதித்த ஷிங்கிள் தகடுகளில் கல் பட்டு மணல் உதிர்ந்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டு பாலிசியில் கல்மழைக்கு டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தராமல் நாமே போட வேண்டிய பங்கு, இரண்டு சதவீதம். நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு எட்டாயிரம் டாலர் நம் கையை விட்டுப் போகும். "அதை நாங்கள் சரிக்கட்டிக்கொள்கிறோம்" என்றார். டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து அப்படிச் செய்வது குற்றம். அப்போதே எனக்கு மனசு ஒட்டவில்லை. இருந்தாலும், இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று கேட்டேன். நின்ற இடத்திலேயே போனில் பிடிஎஃப் அனுப்பிவிட்டார்.

அக்கார்ட் 25 என்று ஒரு படிவம். ஒரே பக்கம். மேலே ஏஜென்சியின் பெயர், அதற்குக் கீழே கூரைக் கம்பெனியின் பெயர், நடுவில் வரிசையாக எந்தெந்த பாலிசி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு தொகைக்கு. ஜெனரல் லயபிலிட்டி, அதாவது வேலையில் பிறருக்கு வரும் சேதத்துக்கான பாலிசி, ஒரு சம்பவத்துக்குப் பத்து லட்சம் டாலர், மொத்தம் இருபது லட்சம் என்று போட்டிருந்தது. பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் படிவத்தின் தலையிலேயே பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இது தகவலுக்காக மட்டுமே, இதைப் பெறுகிறவருக்கு எந்த உரிமையும் தராது. அச்சடித்த அன்று பாலிசி இருந்தது என்பதைத் தவிர அந்தக் காகிதம் வேறெதையும் சொல்வதில்லை. நடுவில் பாலிசி ரத்தானால் வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லும் கடமையும் பெரும்பாலும் யாருக்கும் கிடையாது.

என் அப்பா காரைக்குடியில் எல்ஐசி ஏஜென்டாக இருந்தவர். தவணைத் தேதி தாண்டிய வீடுகளுக்கு டிவிஎஸ் 50-யில் போய் நின்று, "பத்திரம் பீரோவில் இருந்தால் போதாதும்மா, பிரீமியம் கட்டியிருக்கணும்" என்பார். அந்தக் குரல் காதில் கேட்க, சர்டிஃபிகேட்டில் இருந்த ஏஜென்சியின் பெயரை நானே தேடி எண் எடுத்துப் பேசினேன். காகிதத்திலேயே இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடக் கூடாது. அதையும் மாற்றி அச்சடிக்க முடியும். மறுமுனையில் இருந்த பெண் பாலிசி எண்ணைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: பிரீமியம் கட்டாததால் அந்த பாலிசி பிப்ரவரியிலேயே ரத்தாகிவிட்டது. என் கையிலிருந்த தாளில் அடுத்த ஜனவரி வரை தேதி இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது, "நமக்கு எதுக்கும்மா அவங்க கணக்கு? கூரை சரியா போட்டா போதாதா?" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் முதல் வீட்டுக்குக் கூரை மாற்றிய நாள் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, விலை குறைவு என்று சரி சொல்லிவிட்டோம். காலைப் பனி காயாத நேரம். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. தோளில் ஒரு கட்டு ஷிங்கிளோடு நடந்தவன் வழுக்கிக் கராஜ் பக்கச் சரிவில் அப்படியே இறங்கினான். கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய் ஒன்று கையில் சிக்கியது. அதனால் நின்றான். ஷிங்கிள் கட்டு கீழே டிரைவ்வேயில் விழுந்து உடைந்தது. இடுப்பில் கயிறு இல்லை. ஆறடி உயரத்துக்கு மேல் வேலை என்றால் விழாமல் தடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது ஓஷாவின் (அமெரிக்க அரசின் வேலையிடப் பாதுகாப்புத் துறை) விதி என்று அப்போது எனக்குத் தெரியாது. தண்ணீர் கொடுத்தேன். அவன் கை நடுங்கியதில் பாதி சட்டையில் சிந்தியது. ஐந்து நிமிடத்தில் மறுபடி மேலே ஏறிவிட்டான்.

அவன் விழுந்திருந்தால் மருத்துவமனைச் செலவை யார் கொடுத்திருப்பார்கள்? இந்தக் கேள்விக்கு ஜெனரல் லயபிலிட்டியில் பதில் கிடையாது. அது என் வீட்டுக்கும், என் பக்கத்து வீட்டுக்காரர் காருக்கும், தெருவில் போகிறவருக்கும் ஆனது. வேலை செய்கிறவருக்கு அடிபட்டால் வொர்க்கர்ஸ் காம்ப் என்ற தனி இன்சூரன்ஸ் வேண்டும். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் அது கட்டாயம். டெக்சஸில் தனியார் முதலாளிகள் வேண்டாம் என்று இருந்துவிடலாம். போதாததற்கு, கூரை வேலைக்கு மாநில அளவில் இங்கே லைசென்ஸும் கிடையாது. ஏணியும் வண்டியும் இருந்தால் எவரும் ரூஃபர். அதனால் சர்டிஃபிகேட்டில் வொர்க்கர்ஸ் காம்ப் வரிசை காலியாக இருந்தால் அதை எழுத மறந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலர் அதற்குப் பதில் ஆக்சிடென்ட் பாலிசி ஒன்றைக் காட்டுவார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை, ஆனால் வொர்க்கர்ஸ் காம்புக்கு ஈடாகாது, அதன் தொகைக்கு ஒரு எல்லை உண்டு. அது தீர்ந்த பிறகு அடிபட்டவர் முதலாளியைத் தேடுவார், முதலாளி கிடைக்காவிட்டால் வீட்டுக்காரரைத் தேடுவார். அதில் அடிபட்டவர் தப்பு என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் அக்காவிடம் சொன்னேன். ஒப்பந்தம் போடுகிற கம்பெனி ஒன்று, கூரையில் ஏறுகிற குழு இன்னொன்று. பெரும்பாலும் அது சப் கான்ட்ராக்ட். கம்பெனியின் பாலிசி அந்தக் குழுவுக்கும் செல்லுமா, குழுவுக்குத் தனி பாலிசி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய ஷிங்கிளைப் பிரித்துப் போட்ட நேரத்தில் மழை வந்து வீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் அதற்குப் பணம் தரமாட்டோம் என்று விலக்கு வைத்த பாலிசிகளும் உண்டு. இது எதுவும் அந்த ஒரு பக்கத் தாளில் தெரியாது. ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவதாக வந்தவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். எண்ணூறு டாலர் கூடுதல். கணவர் கணக்குப் பார்த்துவிட்டு, "சரி, போகட்டும்" என்றார். அவரிடம் நான் பிடிஎஃப் வாங்கவே இல்லை. உங்கள் ஏஜென்சியை நேரடியாக எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். முகம் சுளிக்கவில்லை, எங்கள் முன்னாலேயே போன் போட்டார். சாயங்காலமே ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது, கீழே இடதுபக்கக் கட்டத்தில் எங்கள் பெயரும் முகவரியும் போட்டு. வொர்க்கர்ஸ் காம்ப் வரிசை நிரம்பியிருந்தது. டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையின் இணையதளத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரைப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறார்கள். புதன்கிழமை மாலை ஏஜென்சிக்கு இன்னொரு முறை போன் செய்து, பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன். அங்கிருக்கும் பெண்ணிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.