நடுத்திட்டுப் பாதையில் அத்தையோடு

ஆகஸ்ட் 29 அன்று கொடியேறிவிட்டால் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள் வரை வேளாங்கண்ணியில் கால் வைக்க இடம் கிடைக்காது. தெரிந்துதான் போனோம். என் மாமியாரின் பொருத்தனை அப்படி.

என் மகள் குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டருக்குள் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் முழங்காலில் வருகிறேன் என்று அத்தை மாதாவிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பொருத்தனை முதல் வருடமே நிறைவேறிவிட்டது. ஆனாலும் அத்தை நிறுத்தவில்லை. மூட்டுவலியைச் சொல்லித் தடுத்தால், “கேட்டதை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்கிறாயா அம்மா?” என்பார். அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து விடியுமுன் நடந்தோம். காவி உடுத்தியவர்கள், சப்பரம் இழுத்து வருகிறவர்கள், ‘மரியே வாழ்க’ என்ற குரல்கள். வழியில் திருநீறு பூசிய ஒரு பெரியவர் நடப்பவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்தார். ஊருக்குள் நுழைந்ததும் தரகர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ஓர் இரவுக்கு அறை வாடகையை வாய்க்கு வந்தபடி சொன்னார்கள். மெழுகுவர்த்தி விற்கிறவர் கையைப் பிடித்து இழுக்கிறார். கொப்புளம் வெடித்த காலோடு தாயைத் தேடி வருகிறவர்களிடம் இப்படிப் பறிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் நடுத்திட்டுப் பக்கம் போகும் மணல் பாதையில் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலிட்டார். வெயிலில் மணல் கொதித்தது. பாதி தூரத்தில் உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. கையில் ஜெபமாலை, கன்னமெல்லாம் வியர்வை. என் மகள் யாரும் சொல்லாமலே தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பாட்டியின் முழங்கால் அடுத்துப் படப்போகும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே போனாள். எந்தப் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டாரோ, அந்தப் பிள்ளை! எனக்குக் கண் மறைத்துவிட்டது.

பிறகு திருப்பலி. குருவானவர் சாலமோன் கட்டிய ஆலயத்தைப் பற்றிப் பேசினார். ஆண்டவரின் மாட்சி மேகமாக இறங்கி நிரம்பியபோது குருக்களால் நின்று பணி செய்யக்கூட முடியவில்லை. அதே ஆண்டவர் மறுபடியும் சாலமோனுக்குத் தோன்றி, நீங்கள் என்னை விட்டு விலகினால் இந்த ஆலயத்தையும் கைவிடுவேன் என்று எச்சரித்தாராம். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவருக்கு அது புதுச் செய்தி அல்ல.

குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணி ஒலித்தது. அதுவரை இடித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் நின்ற அத்தனை கூட்டமும் அடங்கிவிட்டது. அழுத குழந்தைகள்கூட நிறுத்தியதுபோல் எனக்குப் பட்டது. ஆண்டவர் அங்கே இருந்தார். இதைவிட வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோய், நன்றி ஆண்டவரே, நன்றி தாயே என்று அழுதுகொண்டே நின்றேன். பிள்ளையின் மூச்சுக்கு நன்றி. இப்படி ஒரு மாமியாரைத் தந்ததற்கு நன்றி. மோர் ஊற்றிய அந்தப் பெரியவருக்காகவும் நன்றி.

தென்னங்கன்றைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அத்தை உத்தரவு போட்டார்: இனி வீட்டில் இரவு ஜெபமாலையைப் பேத்திதான் முன்னின்று சொல்ல வேண்டும். திருவாரூர் வருவதற்குள் என் மகள் ஜெபமாலையில் தியானிக்கும் சந்தோஷ தேவ இரகசியங்கள் ஐந்தையும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டாள்.