காணி உறுதிகளை ரொறன்ரோவுக்கு அனுப்பியது

2009 இடப்பெயர்வில் அம்மா பொலித்தீன் பைக்குள் சுற்றிக் காப்பாற்றிய காணி உறுதிகளும் கொஞ்சப் படங்களும் எங்களிடம் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவிடம் சேர்ப்பதென்று முடிவெடுத்தோம். புதுக்குடியிருப்பில் எங்களுக்குப் போன் டேட்டாதான். பெரிய கோப்பை ஏற்றினால் பாதியில் அறுந்துவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் ஸிப் ஆக்கி, அதாவது சுருக்கி ஒரே கோப்பாகக் கட்டிப் பார்த்தேன். டிஃப் என்ற பட வடிவில் இருந்த உறுதிகள் நன்றாகச் சுருங்கின. ஜேபெக் படங்கள் அசையவே இல்லை. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, திரும்பவும் பிழிய அதற்குள் பெரிதாக ஒன்றுமில்லை.

அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஸிப் என்ற மென்பொருளுக்கு மாறினேன். அதன் 7இசட் வடிவம் உறுதிகளை ஸிப்பைவிடவும் சிறிதாக்கியது. எனக்கு அதைவிடப் பெரிய உதவி, துண்டுகளாக வெட்டும் வசதி. 100 எம்பி என்று கொடுத்தால் 001, 002 என்று முடியும் கோப்புகளாகப் பிரித்துத் தரும். ஒன்று அறுந்தால் அதை மட்டும் திரும்ப ஏற்றினால் போதும். காணி விவரம் என்பதால் கடவுச்சொல்லும் போட்டேன், கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தெரிவோடு. கடவுச்சொல்லைப் போனில்தான் சொன்னேன்.

இரவு சித்தப்பா எடுத்தார். “தம்பி, முதல் துண்டு வந்திட்டுது, திறக்குதில்லையே?”

“எல்லாத் துண்டும் வரவேணும் சித்தப்பா. ஒரே ஃபோல்டருக்குள்ள போட்டு, பேரை மாத்தாமல் 001ஐத் திறவுங்கோ.”

எல்லாம் சேர்ந்ததும், திறக்க முன் ‘டெஸ்ட்’ கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு கோப்பின் சிஆர்சி எண்ணையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வைத்த சோதனை எண்ணையும், அது சரிபார்க்கும், வழியில் ஏதாவது பழுதாகியிருந்தால் காட்டிவிடும். பழுது இல்லை.

இங்கே பென் டிரைவில் வைக்கும் பிரதிக்கு 7இசட்டை நான் எடுக்கவில்லை. அது வழக்கமாகப் பல கோப்புகளை ஒன்றாகக் கோத்துச் சுருக்கும். நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளவையும் போகலாம். ஸிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனி, ஒன்று போனாலும் மற்றவற்றை மீட்க வழியுண்டு. 1989இல் வந்த வடிவம், விண்டோஸே தானாகத் திறக்கும், நாளைக்குப் பிள்ளைகள் மென்பொருள் தேடி அலையவேண்டியதில்லை. பென் டிரைவ் ஃபாட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருப்பதால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. அதனால் ஒவ்வொரு காணிக்கும் ஒரு ஸிப், படங்களுக்கு வேறாக ஒன்று என்று வைத்திருக்கிறேன்.