வாங்கில் ஏற்றப்பட்டவன்

நினைவு மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து, “அண்ணை, சரித்திர மாஸ்ரர் போட்டார். நீங்கள் ஏதும் எழுதவேணும்” என்றார். தொண்ணூறு தாண்டிய சாவு. அழுகை வரவில்லை. வகுப்பு வாங்குதான், அந்த நீட்டு இருக்கைதான், நினைவுக்கு வந்தது.

1970. தமிழ்த்தினப் பேச்சில் எனக்கு முதற்பரிசு. “அந்நியன் எம்மிடம் ஒரு சுவடும் விட்டுச் செல்லவில்லை” என்று முழங்கியிருந்தேன். அடுத்தநாள் மூன்றாம் பாடம்.

“ஏறடா வாங்கிலை.”

ஏறினேன்.

“நிக்கிற வாங்கு ஆற்றை?”

முழித்தேன்.

“அந்தச் சொல்லே போர்த்துக்கேயன்ரை. போட்டிருக்கிற களிசான்? அதுவும் அவன்ரை. காலைமை என்ன திண்டனி?”

“பாணும் சம்பலும், சேர்.”

“பாணும் அவன்ரை. சம்பலைப் பிறகு பாப்பம்.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் இந்த மலர்க்குழுவில் இருக்கிறார்கள். மணி அடிக்கும்வரை நான் வாங்கில் நிற்க, மாஸ்ரர் பாடத்தை நடத்தினார். 1619இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனைப் போர்த்துக்கேயர் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோனது, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை உலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கைக்கு மாறியது எல்லாம் வேகமாக ஓடிப்போயின. தோம்பு என்ற அவர்களின் பதிவேட்டில் வந்து நின்றுவிட்டார். காணியும் மரமும் வரியும் ஒரு தோம்பில். ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளித் தோம்பில். அதில் பதிந்தால்தான் பிள்ளைக்கு முதுசம், பரம்பரைச் சொத்து. பிள்ளை பள்ளிக்கூடம் வராவிட்டால் தண்டம். ஞாயிறு கோயிலில் பெயர் கொடுத்துவிட்டு, விரதச் சோறு தின்ற இலையைக் கூரை இறப்பில் ஒளித்துவைத்த சனம் நாங்கள் என்றார். எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையைக்கூட 1707இல் ஒரு உலாந்தாக்காரன்தான் எழுதிவைத்தான் என்று சொல்லி என்னைப் பார்த்தார். சீதனமும் முதுசமும் இன்றைக்கும் அந்த எழுத்தில்தான் ஓடுகிறது.

பதினாறு வருசம் கழித்து, விதி என்னைக் கொண்டுவந்து போட்டதும் அந்த டச்சுக்காரன் நாடான ஒல்லாந்தில். அகதி விண்ணப்பம் எடுத்த அதிகாரி தன் இடத்தைச் சொன்ன சொல் அச்சொட்டாக எங்கள் கந்தோர், அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் சொல். என் படத்தைப் போட்டு மூடிய இழுப்பறையும் எங்கள் லாச்சி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொழிபெயர்த்தவர் பயந்துபோனார். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், கைரேகை. கடைசியில் நானும் ஒரு தோம்பில் ஏறினேன்.

இதை மாஸ்ரருக்கு எழுதினேன். 1988இல் ஒரு நீலக் கடிதம் வந்தது. “எங்கடை ஏடுகள் 81இல் யாழ்ப்பாண நூலகத்தோடை எரிஞ்சு போச்சு. உலாந்தாக்காரன் கொண்டுபோனது த ஹேக்கில் பத்திரமாய்க் கிடக்கும். கொள்ளையடிச்சவன்தான் கணக்கை ஒழுங்காய் வைச்சிருக்கிறான். எங்கடை ஊர்ப் பேர் எதிலையும் இருக்கோ எண்டு ஒருக்கால் பார்.”

ஆவணக்காப்பகம் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். பத்தொன்பது வருசம் அந்த நிலையத்தில்தான் ரயில் மாறி வேலைக்குப் போனேன். மழைக்கு அந்தக் கட்டட வாசலில் ஒதுங்கியும் நின்றிருக்கிறேன். முதலில் வேலை, பிறகு பிள்ளைகள், பிறகு வீட்டுக்கடன். என் பிள்ளைகள் அந்தப் பழைய எழுத்தை வாசித்தாலும் வாசிப்பார்கள். நீலக் கடிதத்தை வாசிக்க அவர்களுக்குத் தெரியாது.

அது மேசை லாச்சிக்குள்தான் இருக்கிறது. ஓரத்தில் இடம் காணாமல் நெருக்கி எழுதியிருக்கிறார்: “பதில் போடு. முத்திரைக்குக் காசு காணாட்டில் சொல்லு, அனுப்பிறன்.”